ஜூனைத் தாண்டும் குடும்பம்: குமரி மாவட்டத்தில் வளர்ச்சிப் பணியாளரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து வேலை செய்யும் முறை

குமரி மாவட்டத்தில் வறுமை வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். கான்கிரீட் வீடுகள்தான் அதிகம். ஆனால் அந்த வீட்டின் பத்திரம் வங்கியில் இருக்கும், மகளுக்குச் சேர்த்த நகை அடகில் இருக்கும், அம்மாவின் கையில் நான்கு வாரத்தவணை அட்டைகள் இருக்கும். வீட்டின் கட்டுமானத்தைப் பார்த்து "வசதியானவர்கள்" என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

இங்கு வறுமையோடு மல்லுக்கட்டுபவர்கள் இரு வகை. மகளிர் திட்டத்திலோ ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பிலோ தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதாரப் பிரிவிலோ இருக்கும் வளர்ச்சிப் பணியாளர் கடன், பயிற்சி, சந்தை, சொத்து ஆகியவற்றைப் பார்ப்பவர். சமூகப் பணியாளர் நோய், குடி, வன்முறை, சான்றிதழ், படிப்பை நிறுத்திய பிள்ளை என்று குடும்பத்தின் உள்ளே பார்ப்பவர். முதலாமவர் ஆடு வாங்கிக் கொடுப்பார். மூன்றாம் மாதம் ஆடு விற்கப்பட்டிருக்கும். ஏன் விற்றார்கள் என்பது இரண்டாமவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இந்த இருவரும் ஒரே குடும்பத்துக்கு ஒரே திட்டத்தை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். அடிப்படை விதி ஒன்றுதான்: முதலில் பணம் கசியும் இடத்தை அடைத்துவிடுங்கள், அதன் பிறகு முதலீடு செய்யுங்கள்.

இது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஊரகச் சீரமைப்புப் பணி தேனீயையும் கோழியையும் மட்டும் கொடுக்கவில்லை. உடல்நலம், கல்வி, சமூக உறவு, ஆன்மிகம், பொருளாதாரம் என்று ஐந்து பக்கங்களையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் மிக ஏழைகளுக்காகத் தொடங்கிய திட்டமும் இதே வழிதான்: சொத்து, சிறிது காலத்துக்கு உணவுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, தவறாத வீட்டுச் சந்திப்பு. இந்த மாதிரியை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் நின்றது தெரிந்தது.

முதலில் எல்லையைப் பாருங்கள்

2011 கணக்கின்படி இம்மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். வயலும் தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமுமாகத் தெரியும் குலசேகரம், அருமனை, கருங்கல் எல்லாம் பேரூராட்சிகள். பேச்சிப்பாறையும் முட்டமும் ஊராட்சிகள். இந்த வேறுபாட்டால் குடும்பத்தின் வாய்ப்புகளே மாறிவிடும். ஊரக வேலைத் திட்டம் பேரூராட்சியில் கிடையாது. மகளிர் குழுவை ஊராட்சியில் ஊரக வாழ்வாதார இயக்கமும், பேரூராட்சியில் நகர்ப்புற இயக்கமும் பார்க்கும். ஒரே தெருவின் இரண்டு ஓரங்கள் இரண்டு உள்ளாட்சிகளில் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே முதல் சந்திப்பிலேயே வீட்டு வரி ரசீதைப் பார்த்து உள்ளாட்சியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விண்ணப்பம் எழுதினால், இரண்டு மாதம் கழித்து "இது எங்கள் எல்லை இல்லை" என்று திரும்பி வரும்.

குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பது

மக்கள் நிலை ஆய்வை ஊரார் பலரும் அறிவார்கள்: தரையில் ஊர் வரைபடம் போட்டு, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று வீடுகளைப் பிரிப்பது. அதை இங்கே மூன்று மாற்றங்களோடு செய்யுங்கள். ஒன்று, கூட்டத்தை கோவில் முன்னாலோ தேவாலய வளாகத்திலோ மட்டும் வைக்காதீர்கள். அந்த வளாகத்துக்கு வராத குடும்பம்தான் பெரும்பாலும் விடுபடும். கடற்கரை ஊர் என்றால் மீன் ஏலம் முடிந்த பிறகு கரையிலேயே ஒரு கூட்டம், மாலையில் உள்தெருவில் ஒரு கூட்டம். இரண்டு, வீட்டின் கூரையைக் கணக்கில் எடுக்காதீர்கள். சம்பாதிப்பவர் எத்தனை பேர், நாள்பட்ட நோயாளி உண்டா, வாராவாரம் எவ்வளவு தவணை போகிறது, போன ஜூன் மாதம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். மூன்று, பட்டியலை கிராம சபையில் வைப்பதற்கு முன் சமூகப் பணியாளர் தனியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண், மனநோயாளியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பம், கடலில் கணவன் காணாமல் போனதால் விதவை என்றும் சொல்ல முடியாமல் நிற்பவர் ஆகியோரின் பெயரை ஊர்க்கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மலையில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து போக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடம் முதலில் பேசி, ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிப் போங்கள். பழங்குடிச் சான்றிதழைக் கொடுப்பவர் வட்டாட்சியர் அல்ல, கோட்ட அளவிலான வருவாய் அலுவலர். அந்த ஒரு சான்று இல்லாமல் உதவித்தொகை, விடுதி, வன உரிமை மூன்றும் சிக்கும்.

இரண்டு பணியாளர்கள் ஒரே நேரத்தில் 12 முதல் 15 குடும்பங்களைத்தான் சரியாகப் பார்க்க முடியும். நாற்பது எடுத்தால் பதிவேடு நிறையும், வேலை நடக்காது.

முதல் சந்திப்பு: இருவரும் சேர்ந்து போகவேண்டும்

தனித்தனியாகப் போனால் அந்த அம்மா ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்வார், இரண்டு பதிலும் வேறாக இருக்கும். திட்ட ஆளிடம் "கடனே இல்லை" என்பார், கடன் இருந்தால் உதவி கிடைக்காது என்ற பயத்தில். சமூகப் பணியாளரிடம் உண்மையைச் சொல்வார்.

கேள்வியைக் கேட்கும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. "உங்கள் மொத்தக் கடன் எவ்வளவு?" என்றால் முகம் சுருங்கும். "அக்கா, ஒங்களுக்கு இப்போ எத்தன குழுவுல லோன் கெடக்கு? அட்டைய எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பாக்கலாம்" என்றால் அட்டைகள் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் வாங்கிய தொகை, கைக்கு வந்த தொகை, வாரத் தவணை, மீதி வாரங்கள் என்று நான்கு எண்களை எழுதுங்கள். கூடவே நகைக்கடன், கூட்டுறவுக் கடன், சீட்டு, படகு உரிமையாளரிடமோ மீன் ஏலம் எடுப்பவரிடமோ வாங்கிய முன்பணம். முன்பணத்தில் வட்டி என்று எதுவும் எழுதியிருக்காது. மீனை அவரிடமே விற்க வேண்டும், அவர் சொல்லும் கழிவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் வட்டி. அதையும் ரூபாயாக மாற்றி எழுதுங்கள்.

நாள் வசூல் கடனை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால் வட்டி பத்து விழுக்காடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அசல் நாளுக்கு நாள் குறைவதால், அந்த 100 நாளில் அவர் கையில் சராசரியாக இருந்தது 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தொடும்.

சந்திப்பின் முடிவில் ஒரு கேள்வி கட்டாயம்: "இதுல எத நாங்க மத்த ஆபீஸ்ல சொல்லலாம், எத சொல்லக்கூடாது?" பதிலை அவர் சொன்னபடியே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

பன்னிரண்டு மாத அட்டவணை

ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு வரவையும் செலவையும் மாதவாரியாக நிரப்புங்கள். குமரியின் வறுமைக்கு ஒரு பருவம் உண்டு என்பது அப்போது புரியும். ஜூன் முதல் தேதி பள்ளிக்கட்டணம், சீருடை, நோட்டு. அதே நாளில் மேற்குக் கரையில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கி ஜூலை 31 வரை நீளும். அதே வாரங்களில் தென்மேற்குப் பருவமழை; ரப்பர் பால் வெட்டு நிற்கும், செங்கல் சூளை நிற்கும், கரைவள்ளங்கள்கூடப் பல நாள் இறங்காது. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பதை வெளியூரிலிருந்து வரும் திட்ட அலுவலர்கள் பலமுறை தவறவிடுகிறார்கள். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருந்தாலும், அது தடை முடிந்தபின் வந்து சேர்ந்தால் அதற்குள் கந்துவட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டிருக்கும்.

ரப்பர் தொழிலாளிக்கு ஆண்டில் மூன்று இடைவெளி: இரண்டு மழைக்காலமும், தை மாசியில் இலை உதிர்ந்து துளிர்க்கும் நாட்களும். முந்திரி ஆலையில், அதாவது அண்டி ஆபீஸில், வேலை செய்யும் பெண்களுக்கு பருவத்தைவிட ஆலை திறக்கும் நாட்கள்தான் முக்கியம். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற இரண்டு பங்களிப்புக் காலங்களில், ஒன்றில் 78 நாளுக்குக் குறைவாகச் சந்தா போயிருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நோய்க்கால உதவித்தொகை அதற்குரிய பயன்காலத்தில் கிடைக்காது. ஆலை அடைத்துக் கிடந்த நாட்களைக் குறித்துவைப்பது சமூகப் பணியாளரின் வேலை. அந்த இடைவெளிக்கு வேறு வேலை தேடுவது வளர்ச்சிப் பணியாளரின் வேலை.

முதல் 90 நாள்: கசிவை அடைத்தல்

இந்தக் கட்டத்தில் புதுக்கடன் எதுவும் வேண்டாம். வேலையைச் சமூகப் பணியாளர் முன்னின்று நடத்த, வளர்ச்சிப் பணியாளர் அலுவலகக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும்.

சான்றிதழ்கள். குடும்ப அட்டையில் பிரிந்துபோனவர் பெயர் நீக்கம், ஆதாரில் பெயர் எழுத்துப்பிழை, கைப்பேசி எண் மாற்றம். பாதி உதவித்தொகைகள் இந்த மூன்றில்தான் நிற்கின்றன. முதியோர், ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டுமானம், தையல் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் 60 வயதுக்கு முன் சேர்ந்திருந்தால்தான் 60க்குப் பின் ஓய்வூதியம். 59 வயதுக்காரரை முதலில் கவனியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று தேவை. அறுவைசிகிச்சை வந்தபின் ஓடுவதைவிட இப்போதே வாங்கிவையுங்கள். இங்கே அரசு உதவிபெறும் பள்ளிகள் அதிகம். அவற்றில் தமிழ்வழியில் படித்து கல்லூரிக்குப் போன பெண்களுக்கும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் விரிவாக்கப்பட்டிருப்பது பல வீடுகளில் தெரியாது.

கடலில் காணாமல் போனவரின் குடும்பம் தனிக் கவனம் கேட்பது. உடல் கிடைக்காதபோது ஏழு ஆண்டு காத்திருந்தபின்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது பொதுச்சட்டம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. மற்ற விபத்துகளில் தானாக அப்படி நடக்காது. முதல் நாளே காவல் நிலையப் பதிவு, மீன்வளத் துறைக்கு மனு, உடன் போன தொழிலாளர்களின் வாக்குமூலம் மூன்றையும் எடுத்துவைத்தால்தான் பின்னால் வாரிசுச் சான்றும் இழப்பீடும் கேட்க முடியும். ஆண்டுகள் கடந்தபின் சாட்சிகள் வேறு துறைமுகத்தில் இருப்பார்கள்.

கடன் நிறுத்தம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, ஈடு கேட்கக்கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை, காலை 9க்கு முன்பும் மாலை 6க்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாக வாங்கலாம். வாங்கினால் குழுத் தலைவி இவர் பெயரில் எடுத்துத் தானே வைத்துக்கொண்ட கடனும் வெளிச்சத்துக்கு வரும். அப்படி வந்தால் குழுக்கூட்டத்தில் சத்தம் போடாமல், கூட்டமைப்புக்கு எழுத்துமூலம் கொடுங்கள். தனியார் கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மனு கொடுப்பதற்கு முன் அந்தக் குடும்பம் அதே தெருவில்தான் வாழவேண்டும் என்பதை நினைத்து, பேசித் தீர்க்க முடியுமா என்று பாருங்கள்.

குடியும் வன்முறையும். இதைத் தொடாமல் சொத்து கொடுப்பது அந்தப் பெண்ணுக்கே ஆபத்து. பெண்ணின் கையில் பணம் வரத் தொடங்கும் முதல் சில மாதங்களில் சில வீடுகளில் அடி அதிகமாகும். சமூகப் பணியாளர் அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை, கணவன் வீட்டில் இல்லாத நேரத்தில் போகவேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181ஐ அந்தப் பெண்ணின் கைப்பேசியில் வேறு பெயரில் சேமித்துக் கொடுங்கள். குடியை நிறுத்தச் சிகிச்சைக்கு அனுப்பினால், திரும்பி வந்த முதல் மாதத்தில் அவருக்கு வேலை தயாராக இருக்க வேண்டும். கையில் வேலை இல்லாமல் திரும்பினால் பழைய கூட்டாளிகளோடுதான் பொழுது போகும்.

முதலீடு: எப்போது, எவ்வளவு

இப்போது வளர்ச்சிப் பணியாளர் முன்னால் வருகிறார். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த மகளிர் குழுவுக்கு வங்கியின் முதல் கடன், குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது 1,50,000 ரூபாய், இதில் எது அதிகமோ அது. 10 லட்சம் வரை பிணையம் கேட்கக்கூடாது, குழுவின் சேமிப்பை முடக்கிவைக்கவும் கூடாது. கிளையில் மறுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். 1,50,000 ரூபாயைப் பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 12,500. அதில் ஒருவருக்கும் தொழில் நடக்காது, பழைய தவணைதான் அடையும். யாருக்கு எந்த மாதம் எவ்வளவு தேவை என்று நுண்கடன் திட்டம் எழுதி, நான்கு பேருக்கு முதலில் கொடுத்து, அவர்கள் திருப்பியதில் அடுத்தவர்களுக்குக் கொடுங்கள். கடன் பத்திரம் எழுதும்போதே ஜூன், ஜூலை தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டிக் கேளுங்கள்.

தேனீயை எடுத்துக்கொள்வோம், இந்த மாவட்டத்துக்கு அது இயல்பான தொழில் என்பதால். ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் இங்கே பெருவரவு. மாசி, பங்குனியில் எடுப்பு. அதாவது பால் வெட்டு நிற்கும் அதே காலத்தில் தேன் வருகிறது, ஒரு தொழிலின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. ஆனால் நிதியாண்டு முடிகிறது என்று மார்ச் கடைசியில் பெட்டி கொடுத்தால் எடுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். அடுத்து வரும் ஜூன் மழையில் பூவும் இல்லாமல், சர்க்கரைப்பாகும் ஊற்றாமல், கூட்டம் பறந்துவிடும். காலிப்பெட்டி மட்டும் மிஞ்சும். கூட்டம் பிரிக்கும் காலமான அக்டோபர், நவம்பரில் மூன்று முதல் ஐந்து பெட்டியோடு தொடங்குங்கள். நல்ல ஆண்டில் பெட்டிக்கு 10 கிலோவை ஒட்டி எடுக்கலாம். பஞ்சகாலச் சர்க்கரைச் செலவை முதலிலேயே கடன் தொகையில் சேருங்கள். எறும்பு ஏறாமல் தாங்குகாலுக்கு நீர்க்கிண்ணம் வையுங்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் எனும், தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. ஆகவே நோய் கண்ட தோட்டத்திலிருந்து கூட்டம் வாங்காதீர்கள், ஒரு குடும்பத்தின் மொத்த முதலையும் தேனீயில் போடவும் வேண்டாம்.

தலைச்சுமையாக மீன் விற்கும் அக்காக்களுக்குப் பயிற்சி வேண்டியதில்லை, அந்தத் தொழிலில் அவர்கள்தான் ஆசான்கள். அவர்களுக்குத் தேவை நாள்வட்டியிலிருந்து விடுபட்ட கைமுதல், ஐஸ், மூடியுள்ள பெட்டி. குழுவிலிருந்து கைமுதல் கொடுத்து, ஏலம் முடிந்த அன்றே சிறு தொகையாகத் திரும்பப் பெறுங்கள். ஆண்களின் முன்பணச் சிக்கலுக்கு நல்ல பதில் கரையிலேயே உண்டு: மீனவர் சங்கமே ஏலத்தை நடத்தி, விற்பனையில் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் ஒரு பங்கைக் கடனுக்கும் பிடித்துக்கொள்ளும் முறை. பிடிப்பு இருந்தால் தவணை, இல்லாவிட்டால் இல்லை. கடலின் கணக்கோடு ஒத்துப்போகும் கடன் இதுதான்.

மாதக் கூட்டம்

மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஒரே மேசை. இரு பணியாளர்களோடு கூட்டமைப்புப் பொறுப்பாளர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி பணியாளர். தாளில் பெயர் வேண்டாம், குடும்ப எண் போதும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வரி: போன மாதம் என்ன ஒப்புக்கொண்டோம், நடந்ததா, அடுத்தது யார் எந்தத் தேதிக்குள் செய்வது. "இருவரும் பார்ப்போம்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். வன்முறை, மனநலம், பாலியல் தொல்லை ஆகியவற்றை இந்த மேசையில் பேசக்கூடாது. அங்கன்வாடி பணியாளர் அந்தக் கணவனின் சித்தியாக இருக்கலாம், ஊர் சிறியது. "எண் 7க்கு இந்த மாதம் தவணை கேட்க வேண்டாம், காரணம் என்னிடம் இருக்கிறது" என்று சமூகப் பணியாளர் சொன்னால், வளர்ச்சிப் பணியாளர் காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். இந்த ஒரு நம்பிக்கை இல்லாவிட்டால் சேர்ந்து வேலை செய்வது தாளோடு நின்றுவிடும்.

இருவருக்கும் உரசல் வருவது பெரும்பாலும் இலக்கால்தான். ஒருவருக்கு மார்ச் 31க்குள் இத்தனை கடன், இத்தனை பயிற்சி என்று மேலிருந்து எண் வரும். மற்றவருக்கு எண்ணே இல்லை, ஆகவே அவர் வேலை அறிக்கையில் தெரிவதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே கூட்டு அறிக்கை ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: வாங்கிய சான்றிதழ், அடைத்து முடித்த உயர்வட்டிக் கடன், பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை ஆகியவையும் கடன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரட்டும்.

கோப்பை எப்போது மூடுவது

18 மாதத்துக்கு முன் வேண்டாம். சரிபார்க்கும் மாதம் ஜூலையாகவே இருக்கட்டும். ஜனவரியில் பார்த்தால் எல்லாக் குடும்பமும் நன்றாகத்தான் இருக்கும். ஜூலையில் போய், புதிதாக நாள்வட்டி வாங்கினார்களா, நகை மறுபடி அடகுக்குப் போனதா, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்களா, பெட்டியோ ஆடோ இன்னும் அவர்கள் பெயரில் இருக்கிறதா, ஒரு மாதச் செலவுக்குச் சேமிப்பு மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஐந்தில் நான்கில் நிலைமை நன்றாக இருந்தால் மூடலாம். நகை அடகுக்குப் போயிருந்தால் மட்டும் பதற வேண்டாம், எதற்காக என்று கேளுங்கள்: கல்லூரிச் சேர்க்கைக்கு என்றால் அது முதலீடு, மருத்துவத்துக்கு என்றால் காப்பீடு ஏன் உதவவில்லை என்று பாருங்கள், சீதன பாக்கிக்கு என்றால் சமூகப் பணியாளருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மூடிய கோப்பை எரிக்கவோ கட்டி மேலே போடவோ வேண்டாம். கணவன் இறப்பு, படகு விபத்து, ஆலை மூடல், புற்றுநோய் போன்ற செய்தி வந்தால் அந்தக் கோப்பு 48 மணி நேரத்துக்குள் திரும்பத் திறக்கப்பட வேண்டும் என்று இரு நிறுவனங்களும் எழுதிக் கையொப்பமிட்டு, அந்தத் தாளின் நகலை ஊராட்சிக் கூட்டமைப்பிடம் கொடுத்துவையுங்கள். பணியாளர்கள் மாறிப்போவார்கள், கூட்டமைப்பு அங்கேயே இருக்கும்.